மலையைப் பார்த்து மலை வரையக்கூடாதா?

குழந்தைகளுக்குப் புதிதாய் யோசிக்கும் சக்தியை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுக்கவேண்டியதில்லை. அது அவர்களிடத்திலேயே இருக்கின்றது. நாம் அதைக் கெடுக்காமலிருந்தால் அதுவே போதும் என்பது நமது வெகுநாளைய அபிப்பிராயமாகும். சென்ற மழைக்காலத்தில் நீலகிரி ஜில்லாவில் சில நாள் தங்க நேர்ந்தபோது கண்ட ஒரு சிறு சங்கதியால் இந்த அபிப்பிராயம் நமக்கு இன்னும் பலப்பட்டதோடு, இதைப்பற்றி நம் தோழர்களிடம் சற்றுக் கண்டிப்பாகவே பேசவேண்டியது அவசியமென்றும் தோன்றிற்று.

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில், நம் கொள்கையில் பற்றுள்ள ஒரு தோழரிடம் இறங்கியிருந்தோம். அவர் கவாத்து வெட்டுகிறவர். அவர் மனைவியார் கொழுந்து பறிக்கிறவர். அவர்களுக்கு நாலாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தை தன் சித்திர நோட்டை எடுத்துவந்து நம்மிடம் காட்டிற்று. ஒரு பக்கத்தில் மலை வரைந்திருந்தது. எப்படிப்பட்ட மலை என்றால், முக்கோணம் இரண்டு. இரண்டுக்கும் நடுவில் பாதிச் சூரியன். சூரியனிலிருந்து குச்சி குச்சியாய்க் கதிர். மலைக்கு அடியில் ஒரு ஆறு. ஆற்றங்கரையில் ஒரு குடிசை. குடிசைக்குப் பக்கத்தில் ஒரு தென்னைமரம். கீழே சிவப்பு மையில் "நன்று" என்று எழுதியிருந்தது.

"இது எந்த மலை, அம்மா?" என்று கேட்டோம்.

"இது டிராயிங் மலை, மாமா" என்றது குழந்தை.

"அப்படியானால் அதோ ஜன்னலில் தெரிகிறதே, அது?"

"அது நம்ம மலை."

நாம் சிரித்துவிட்டோம். ஆனால் அதற்கு முந்தின பக்கத்தைத் திருப்பியவுடன் நமது சிரிப்பு நின்றுபோயிற்று. அந்தப் பக்கம் முழுவதும் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துக் காகிதம் மெலிந்து போயிருந்தது. உற்றுப் பார்த்தால் மாத்திரம் தெரிந்தது: வரிவரியாய்த் தேயிலைச் செடி, அங்கங்கே சில்வர் ஓக் மரம், பாதி மலையை மறைத்துக்கொண்டு வரும் மூடுபனி, நடுவில் முதுகில் பையைக் கட்டிய ஒரு பெண். "அது யார்?" என்றோம். "அம்மா" என்றது. "ஏன் அழித்துவிட்டாய்?" என்றோம். "புத்தகத்தில் இருக்கிற மாதிரி போடச் சொன்னாங்க" என்றது.

தோழர்களே! ஒன்பது வயதுக் குழந்தை தன் கண்ணால் கண்ட மலையைக் கண்டபடி வரைந்திருக்கிறது. அதில் தன் தாயை நிறுத்தியிருக்கிறது. அந்த மலையை அழித்து, யாரோ எங்கோ வரைந்த இரண்டு முக்கோணத்தைப் போடச் சொல்லி, அதற்கு "நன்று" என்று எழுதிக்கொடுப்பது எவ்வளவு விபரீதமென்பதை யோசித்துப் பாருங்கள். அந்தத் தோட்டத்தைச் சுற்றி ஒரு தென்னைமரமாவது உண்டா? அவ்வளவு உயரத்துக் குளிரில் தென்னை பிழைக்குமா? கண்ணெதிரே இருக்கும் சில்வர் ஓக் பொய்யாகிவிட்டது; கண்ணால் காணாத தென்னை நிஜமாகிவிட்டது. காணாததை நம்பு, கண்டதை மறந்துவிடு என்று பழக்குவதைத்தானே நாம் மூடநம்பிக்கை என்று மேடைக்கு மேடை கண்டித்து வருகின்றோம்? அது கோவிலில் நடந்தால் மூடநம்பிக்கை, சித்திர நோட்டில் நடந்தால் கல்வியா என்று கேட்கின்றோம்.

இதற்காக அந்த உபாத்தியாயினி அம்மையாரை நாம் குறை சொல்ல வரவில்லை. ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பாடம் நடத்தி, சாப்பாட்டைக் கவனித்து, ரிஜிஸ்தர் எழுதி, கேட்கும் புள்ளிவிவரமெல்லாம் கைப்பேசியில் அனுப்பவேண்டிய நிலையில் இருக்கிறவருக்கு, நாற்பது பிள்ளைகள் நாற்பது விதமாய் வரைந்தால் பார்த்துச் சொல்ல நேரம் எங்கே? எல்லாரும் ஒரே மாதிரி போட்டால் ஒரே பார்வையில் தீர்ந்துவிடும். ஆகவே இது ஒரு ஆசிரியையின் குற்றமல்ல. ஒரே மாதிரி இருப்பதுதான் ஒழுங்கு என்று நினைக்கும் ஏற்பாட்டின் குற்றமே ஆகும்.

நிற்க, மறுநாள் சாயந்திரம் அதே லைனில் இன்னொன்றைக் கண்டோம். பையன்கள் நாலைந்து பேர் ஒரு பலகைக்கு அடியில் பழைய பேரிங்குகளை மாட்டி வண்டி செய்து, தோட்டத்து ரோட்டுச் சரிவில் விட்டுக்கொண்டிருந்தார்கள். மற்றப் பையன்கள் காலைத் தரையில் தேய்த்து வண்டியை நிறுத்தினார்கள். செருப்பும் காலும் தேய்ந்தன. ஒரு பையன் மாத்திரம் ஒரு கட்டையின் நுனியில் பழைய டயர்த் துண்டை ஆணியடித்து, கட்டையை மேலே இழுத்தால் டயர் ரோட்டில் அழுந்தும்படி ஒரு பிரேக்கு வைத்திருந்தான். "யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டோம். "யாரும் இல்லை, மரக்கட்டையை வைத்துப் பார்த்தேன், வழுக்கிற்று, அப்புறம் ரப்பரை வைத்தேன்" என்றான். செய்து பார்த்தான், தவறிற்று, மாற்றினான், பலித்தது. உலகத்தில் விஞ்ஞானம் என்பது இவ்வளவுதானே? ஆனால் அந்தப் பையனைப்பற்றி விசாரித்தபோது நமக்குக் கிடைத்த பதில், "அவன் படிப்பில் மட்டம்" என்பதுதான்.

இந்த மலைக்கே ஏறிவரும் ரயிலை எடுத்துக்கொள்ளுவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும், ஊட்டிக்கு 1908-லும் வந்துசேர்ந்த இந்த ரயிலை 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். நீலகிரிப் பிள்ளைகள் இதை மனப்பாடமாய் ஒப்பிக்கக்கூடும். பாலம் எத்தனை, குகை எத்தனை என்றும் சொல்லக்கூடும். ஆனால் வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தின்மேல் அவ்வளவு செங்குத்தான மலையில் வழுக்காமல் எப்படி ஏறுகிறது என்று எந்தப் பிள்ளையையாவது யோசிக்க விட்டிருக்கிறோமா?

கல்லாற்றிலிருந்து குன்னூர் வரையில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல்லுப்பல்லாய் வெட்டிய இரும்புப் பட்டைகள் இருக்கின்றன. இஞ்சினில் இருக்கும் பல்சக்கரம் அந்தப் பல்லைப் பிடித்துக்கொண்டு ஏறுகின்றது. ரயில் மேலே போகும்போது இஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகின்றது. பட்டை ஒன்றல்ல, இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் பள்ளம் இருக்கும்படி தள்ளித்தள்ளி வைத்திருக்கின்றார்கள். ஆகையால் சக்கரத்தின் ஒரு பல் விடுபடும்போது இன்னொரு பல் பிடித்தபடியே இருக்கும். இதைக் கண்டுபிடித்தவர் ரோமன் ஆப்ட் என்னும் சுவிட்சர்லாந்து இஞ்சினீயர்; 1882-இல் இதற்கு உரிமை பெற்றார். அவருக்கு முன்னாலேயே ரிகன்பாக் என்பவர் ஏணியைப் படுக்கவைத்ததுபோல் ஒரு பட்டையைச் செய்து, 1871-இல் அந்த நாட்டு ரிகி மலையில் ரயில் ஏற்றியிருந்தார். அவரிடத்தில் வேலை பார்த்த ஆப்ட், "பெரியவர் செய்துவிட்டார், இனி நமக்கென்ன வேலை?" என்று கும்பிட்டுவிட்டுப் போகவில்லை. "இதை இன்னும் நன்றாய்ச் செய்யக்கூடாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின்மேல்தான் இன்றைக்கும் நீலகிரி ரயில் ஏறிவருகின்றது.

டயர்த் துண்டை ஆணியடித்த பையனும் இதே கேள்வியைத்தான் கேட்டான். ஆப்ட் பெயரை மனப்பாடம் செய்யாவிட்டாலும் ஆப்டின் வேலையைச் செய்தவன் அவன். பெயரை ஒப்பிக்கிற பிள்ளைக்கு மார்க்கும், வேலையைச் செய்கிற பிள்ளைக்கு "மட்டம்" என்னும் பட்டமும் கொடுப்பது எந்த நாட்டு நியாயம்?

இப்படிச் சொன்னவுடன் சிலர், "இதெல்லாம் பணக்காரப் பிள்ளைகளுக்கு, ஏழைப் பிள்ளை முதலில் எழுத்தும் கணக்கும் கற்கட்டும், படமும் பொம்மையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லுகின்றார்கள். இது வெளிப் பார்வைக்கு ஏழையின்மேல் இரக்கம்போல் இருந்தாலும், உண்மையில் ஏழைப் பிள்ளைக்கு இரண்டாந்தரச் சரக்கு போதும் என்கிற எண்ணமேயாகும். ஊட்டியைச் சுற்றிலும் பணக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பெரிய பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. அங்கே சித்திரத்துக்கு ஒரு சாலை, சங்கீதத்துக்கு ஒரு சாலை, ஓடியாட மைதானம் எல்லாம் உண்டு. அந்தப் பிள்ளைகள் எழுத்தையும் கணக்கையும் கற்காமலா போய்விட்டார்கள்? அவர்களுக்கு இரண்டும் ஒருமிக்க வரும். தோட்டத்துப் பிள்ளைக்கு ஒன்றுதான் வரும் என்றால், இவர்கள் மூளை வேறு, அவர்கள் மூளை வேறு என்று சொல்லுவதாகத்தானே அர்த்தம்? இதைத்தானே சாதிக்காரனும் சொல்லி வந்தான்?

உண்மையைப் பார்த்தால் இந்த முறை பிறந்ததே ஏழைகளிடத்தில்தான். 1907-இல் ரோமாபுரியில் சான் லோரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில், தாயும் தகப்பனும் கூலிக்குப் போனபின் கேட்பாரற்றுத் திரிந்த குழந்தைகளை வைத்துக்கொண்டுதான் டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார் தமது முதல் வீட்டைத் திறந்தார். கையால் தொட்டு, அடுக்கி, பிரித்து, தானே திருத்திக்கொள்ள விட்டால் குழந்தை எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்தப் பிள்ளைகளிடத்தில்தான் அவர் கண்டார். அவர் 1939-இல் சென்னைக்கு வந்து, யுத்த காலத்தில் சில வருஷம் நமது கொடைக்கானல் மலையிலும் இருந்து வேலை செய்தார். இன்றைக்கு அவர் பெயர்ப் பலகை எங்கே தொங்குகிறது? பெரும்பாலும் பணம் கொடுக்கிறவர்கள் வீதியில். கூலிக்காரன் பிள்ளையிடம் கற்றதைக் காசுள்ளவன் பிள்ளைக்கு விற்றுவிட்டு, கூலிக்காரன் பிள்ளைக்கு "உனக்கு இது எதற்கு?" என்று சொல்லுவது விந்தையிலும் விந்தை அல்லவா?

நமது நாட்டிலேயே இது நடந்து காட்டப்பட்டிருக்கிறது. 2003-இல் சென்னைக் கார்ப்பரேஷன் கமிஷனராயிருந்த விஜயகுமார் அவர்கள், ஆந்திராவில் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளிக்காரர்கள் கிராமப் பள்ளிகளுக்கென்று வகுத்த முறையைப் பார்த்து, கார்ப்பரேஷன் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். வாத்தியார் நாற்காலியை விட்டிறங்கிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். பிள்ளையின் கைக்கு எட்டும்படி சுவரைச் சுற்றிக் கீழே கரும்பலகை வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தனக்குரிய அட்டையைத் தானே எடுத்துத் தன் வேகத்தில் படித்தது. 2007-க்குப் பிறகு இது மாகாணத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் பரவிற்று. பிறகு முறைகள் மாறின. கொரோனாக் காலத்துக்குப்பின் 2022-இல் "எண்ணும் எழுத்தும்" வந்தது. அதிலும் ஆட்டமும் பாட்டும் பொம்மையும் உண்டு. ஆனால் எந்த முறையானாலும், மேலிருந்து வந்த அட்டவணையை நிரப்புவதே வேலையென்று ஆகிவிட்டால், அட்டையும் ஒரு மனப்பாடப் புத்தகந்தான், பொம்மையும் ஒரு சடங்குதான். செயல் குழந்தையுடையதாயிருக்கவேண்டும், சர்க்கார் செயலைக் குழந்தை ஒப்பிப்பதில் பிரயோஜனமில்லை.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். "புதுமை, கண்டுபிடிப்பு" என்று சர்க்கார்கள் இப்போது வெகுவாய்ப் பேசுகின்றன. மத்திய சர்க்கார் 2016-இல் அடல் பெயரால் பட்டறைக் கூடங்களை ஏற்படுத்தி, பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுக்க ஏற்பாடு செய்தது. அது ஆறாம் வகுப்பு முதல். பிள்ளைகளின் கண்டுபிடிப்பு யோசனைக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுக்கும் இன்ஸ்பயர் திட்டமும் ஆறாம் வகுப்பு முதல். நமது சர்க்கார் 2022-இல் தொடங்கிய நடமாடும் விஞ்ஞானக் கூடமாகிய வானவில் மன்றமும் ஆறாம் வகுப்பு முதல். 2012-இல் சர்க்கார் பள்ளிகளுக்குச் சித்திரம், தையல், தேகப்பயிற்சி முதலியவற்றுக்காகப் பகுதிநேர ஆசிரியர்களைப் போட்டபோதும் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கே போட்டார்கள். அப்படியானால் ஐந்தாம் வகுப்பு வரையில் பிள்ளைக்கு மூளை இல்லையா? ஐந்து வருஷம் ரப்பரால் அழித்துவிட்டு, ஆறாம் வருஷம் "இப்போது புதிதாய் ஏதாவது வரை பார்க்கலாம்" என்று இருபது லட்சத்தை நீட்டினால் என்ன வரும்? இரண்டு முக்கோணமும் ஒரு தென்னைமரமுந்தான் வரும்.

நிற்க, நாம் கையால் செய்து கற்பதைப்பற்றிப் பேசும்போது நமது எதிரிகள் ஒரு தந்திரம் செய்யக்கூடும். "அதைத்தானே ஆச்சாரியார் 1953-இல் சொன்னார்? பாதி நேரம் பள்ளிக்கூடம், பாதி நேரம் தகப்பன் தொழில் என்றாரே, அதை எதிர்த்துவிட்டு இப்போது நீங்களே கைவேலை வேண்டுமென்கிறீர்களே" என்று கேட்கலாம். இதற்குப் பதில் தெளிவாய் இருக்கவேண்டும். அந்தத் திட்டம் குழந்தைக்குக் கைவேலை கொடுக்கவில்லை. அதன் தலையில் சாதியைக் கட்டிற்று. வண்ணான் பிள்ளை வெளுக்கவும், குயவன் பிள்ளை பானை வனையவும், பறையன் பிள்ளை மாடு மேய்க்கவும், எந்த வேலையும் செய்யாதவன் பிள்ளை அந்த நேரத்திலும் புத்தகம் படிக்கவும் அது வழிசெய்தது. ஆகையால்தான் நாடு கொதித்தெழுந்தது. 1954-இல் காமராசர் மந்திரிசபை வந்தவுடன் அது குழிதோண்டிப் புதைக்கப்பட்டது.

நாம் சொல்லுவது அதற்கு நேர் எதிரிடையானது. கோத்தர்கள் நீலகிரியில் வெகுகாலமாய் இரும்படிப்பதிலும், மரவேலையிலும், பானை வனைவதிலும், வாத்தியம் வாசிப்பதிலும் கெட்டிக்காரர்கள். தொதவப் பெண்களின் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குறும்பர்கள் படம் எழுதுவதில் பேர்பெற்றவர்கள். இவற்றைக் காட்டி, "கோத்தர் பிள்ளை கோத்தர் வேலையே செய்யட்டும்" என்று சொன்னால் அது குலக்கல்வி. கோத்தர் கிழவர் ஒருவரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துவந்து, படகர் பிள்ளை, தோட்டத்துப் பிள்ளை, இருளர் பிள்ளை, கணக்குப்பிள்ளையின் பிள்ளை, அந்த வாத்தியாரின் சொந்தப் பிள்ளை எல்லாரும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து மண்ணைப் பிசைந்து, "ஏன் சுட்டால் கெட்டிப்படுகிறது? ஏன் சிலது வெடிக்கிறது?" என்று கேட்கவைத்தால் அதுதான் கல்வி. அதில் பிறப்பின்பேரால் எந்தப் பிள்ளைக்கும் எந்தத் தொழிலும் கட்டப்படவில்லை. கொழுந்து பறிக்கிறவர் மகள் கொழுந்து பறிப்பதற்காகவே பிறந்தாள் என்பதை உடைக்கவேண்டுமானால், முதலில் அவள் கை வேறெதையாவது செய்து பார்க்கவேண்டுமல்லவா?

இந்தத் தோட்டங்களின் சரித்திரத்தையும் நினைத்துப் பார்க்கவேண்டும். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து கப்பலேற்றப்பட்ட நம் மக்களுக்காக 1968-இல் இங்கே சர்க்கார் தேயிலைத் தோட்டம் போடப்பட்டது. அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. அங்கேயும் லைன், இங்கேயும் லைன். 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வயதுள்ள பிள்ளைகள் 25 பேருக்கு மேலிருந்தால் முதலாளிகள் கல்விக்கு வசதி செய்யவேண்டுமென்று விதிசெய்ய இடங்கொடுத்தது. வசதி என்பது என்ன? கூரையும், கரும்பலகையும், கையெழுத்துப் போடுகிற அளவுக்குப் படிப்புமா? கையெழுத்துப் போடத் தெரிந்த கூலியை முதலாளி வரவேற்பான். "கொழுந்து எடையில் இத்தனை கிலோவை ஏன் கழித்தாய்?" என்று கேட்கத் தெரிந்த கூலியை அவன் வரவேற்பானா? ஏன், எப்படி என்று இன்றைக்கு வண்டிச் சக்கரத்தைக் கேட்கிற பிள்ளைதான் நாளைக்குத் தராசைக் கேட்கும், சாதியைக் கேட்கும், சாமியைக் கேட்கும். ஆகவே, இது பொம்மை விளையாட்டுச் சங்கதியல்ல. யார் யாரைக் கேட்பது என்கிற சங்கதி.

மற்றொரு விஷயம் பாஷை. தொதவர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு கூட்டத்தாரும் இந்த மலையில் இருக்கின்றார்கள். ஒவ்வொருவர் வீட்டுப் பேச்சும் வேறு. படகர் பேச்சும் வேறு. அந்தப் பிள்ளை முதல்நாள் பள்ளிக்கூடத்தில் வாய் திறந்தவுடன் மற்றவர்கள் சிரித்தால், பிறகு எப்போது திறக்கும்? வாய் திறக்காத பிள்ளை என்னத்தைப் புதிதாய்ச் சொல்லும்? தமிழ் நமக்கு உயிர்தான். ஆனால் ஒரு பணியர் குழந்தையின் வாயை அடைப்பதற்குத் தமிழ் பயன்படுமானால் அந்தப் பெருமை நமக்கு வேண்டாம். கூடலூரில் ஆதிவாசிப் பிள்ளைகளுக்கென்று வளர்ந்த வித்யோதயா பள்ளியில், அந்த மக்களில் படித்தவர்களையே ஆசிரியராக்கி, அந்தப் பாட்டையும் கதையையும் காட்டறிவையும் பாடமாக்கிக் காட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் பிள்ளையிடத்தில் இறங்கிவந்தால் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு ஏறிவரும்.

இதெல்லாம் யாரோ தயவுசெய்து கொடுக்கவேண்டிய சலுகையல்ல. 2010 ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, பிள்ளைகள் செய்தும், தேடியும், கண்டுபிடித்தும் கற்கவேண்டும், பயமும் மனக்கலக்கமும் இல்லாமல் கற்கவேண்டும், கூடியவரையில் தாய்ப் பாஷையில் கற்கவேண்டும் என்று சொல்லுகின்றது. 17-ஆவது பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடுக்கின்றது. 21-ஆவது பிரிவு, சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மேலாண்மைக் குழு வேண்டும், அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்கின்றது. கொழுந்து பறிக்கிற நம் தாய்மார்களுக்கு அந்தக் குழுவில் நாற்காலி போட்டிருக்கிறது. அதில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதா, வாய் திறந்து கேட்டுவிட்டு வருவதா என்பது நம் கையில் இருக்கிறது.

இதுவரையில் பிறரைச் சொன்னோம். இனி நம்மைச் சொல்லிக்கொள்ளாவிட்டால் யோக்கியமாகாது. நம் தோழர்கள் வீட்டில் என்ன நடக்கின்றது? வெளியில் "எதையும் கேள், எவர் சொன்னாலும் யோசித்துப் பார்" என்று மணிக்கணக்கில் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தவுடன், பிள்ளை "ஏன் அப்பா?" என்று கேட்டால், "பெரியவர்கள் சொன்னால் கேட்கவேண்டும், எதிர்த்துப் பேசாதே" என்று ஓங்குகிற கை எத்தனை? நமது மாநாட்டு மேடையில் ஐந்து வயதுக் குழந்தையை மேஜைமேல் நிறுத்தி, நாம் எழுதிக்கொடுத்த பேச்சை மூச்சுவிடாமல் ஒப்பிக்கச் சொல்லி, கைதட்டி, பரிசு கொடுக்கிறோமே, சுலோகம் ஒப்பிக்கிற பிள்ளைக்கும் அந்தப் பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்? சரக்கு வேறு, மூட்டை சுமக்கிற முதுகு ஒன்றுதான். கடவுள் இல்லை என்பதை மனப்பாடம் செய்த பிள்ளை, நாளைக்கு வேறொருவன் இன்னொன்றைக் கொடுத்தால் அதையும் மனப்பாடம் செய்யும். நாமும் இந்தத் தவறைச் செய்திருக்கிறோம். நம் சொந்தப் பிள்ளையை அப்படி மேஜைமேல் நிறுத்திப் பெருமைப்பட்டிருக்கிறோம். இன்றைக்கு அதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாமோ மூன்றாம் வகுப்போடு நின்றவர்கள். பிறகு படித்ததெல்லாம் கடைத் திண்ணையிலும், வாசகசாலையிலும், பொட்டலம் கட்டிவந்த காகிதத்திலுந்தான். மூன்றாம் வகுப்பில் நம்மை நிறுத்தியது வறுமை மாத்திரமல்ல. "கேள்வி கேட்டால் அடி" என்கிற பயமும் சேர்ந்துதான் நிறுத்திற்று. அந்தப் பயம் இன்னொரு பிள்ளைக்கு வரக்கூடாது என்பதைத்தவிர இதை எழுதுவதில் நமக்கு வேறு லாபம் கிடையாது.

அப்படியானால் என்ன செய்யவேண்டும்? லட்சக்கணக்கில் பணம் வேண்டியதில்லை.

முதலாவது, வாரத்தில் ஒரு மணி நேரம் மார்க்கும் மாதிரியும் இல்லாத நேரமாய் இருக்கட்டும். அந்த நேரத்தில் பிள்ளை தான் கண்டதை வரையட்டும், நினைத்ததைச் செய்யட்டும். அதன் மேல் சிவப்பு மை படக்கூடாது. "இது என்ன, எனக்குச் சொல்லேன்" என்று கேட்டால் போதும்.

இரண்டாவது, ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் ஒரு சாமான் பெட்டி இருக்கட்டும். தீப்பெட்டி, பாட்டில் மூடி, கம்பி, மூங்கில், துணித்துண்டு, பழைய டியூப், செருப்புத் துண்டு இவைதான் அதில் வேண்டியவை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த குப்தா என்பவர், மத்தியப் பிரதேசத்துக் கிராமப் பள்ளிக்கூடங்களைப் பார்த்தபின், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் வைத்தே கணிதமும் விஞ்ஞானமும் காட்டும் பொம்மைகளைச் செய்து, நாடெங்கும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். குப்பையென்று நாம் எறிவது குழந்தைக்குப் பட்டறை.

மூன்றாவது, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கேள்விப் பலகை. "அட்டை கடித்தால் ஏன் வலிக்கவில்லை? பனி எங்கிருந்து வருகிறது? சில்வர் ஓக் இலைக்கு அடிப்பக்கம் ஏன் வெள்ளை?" என்று பிள்ளைகள் எழுதட்டும். வாத்தியாருக்குப் பதில் தெரியாவிட்டால், "எனக்குத் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லட்டும். அப்படிச் சொல்லுகிற வாத்தியாருக்குத்தான் நாம் மரியாதை செய்வோம்.

நான்காவது, மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்கள் இவற்றைத் தீர்மானமாய்க் கொண்டுவரட்டும். சித்திரத்துக்கும் கைவேலைக்கும் தொடக்கப் பள்ளிக்கும் ஆள் வேண்டுமென்று சர்க்காரை எழுதிக் கேட்கட்டும். ஆறாம் வகுப்பில் தொடங்குவதை ஒன்றாம் வகுப்பில் தொடங்கு என்பதே நமது கோரிக்கை.

ஐந்தாவது, நம் வீட்டில் பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் கையை ஓங்காமல் காதைக் கொடுப்போம்.

நாம் மலையிறங்குகிற அன்று அந்தக் குழந்தையிடம் ஒரு புதுக் காகிதத்தைக் கொடுத்து, "உங்க மலையை மறுபடி போடு, அம்மா" என்றோம். அது ஜன்னலையும் பார்த்தது, தாயையும் பார்த்தது, நம்மையும் பார்த்தது. "ரப்பர் வேண்டாமா, மாமா?" என்று கேட்டது. "வேண்டாம்" என்றோம்.

தோழர்களே! நாமும் அந்த ரப்பரைக் கீழே வைப்போமா?